கேசட் முத்துவின் சொந்தப் பாட்டுகள்

அழகுமுத்து என்ற பெயர் அவனுடைய அடையாள அட்டையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வட்டவளையிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் அவன் கேசட் முத்து.

பெயர் வைத்தவர்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். அவனுக்குப் பதினான்கு வயது இருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஹட்டனிலிருந்து இசைக்குழு வந்திருந்தது. பாட்டுக்காரர் மட்டும் வரவில்லை. அவர் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்றார்கள். ஓகன் வாசிக்கிற ஜோர்ஜ் மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "இங்க யாராச்சும் பாடுவீங்களா?" என்று கேட்டார். கூட்டாளிகள் சேர்ந்து அழகுமுத்துவை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு சினிமாப் பாட்டைப் பாடினான். மேடை தெரியாமல் பின்னால் நின்ற பெண்கள், "பாட்டுக்காரவங்க வரலன்னு கேசட்ட போட்டுட்டாங்க போல" என்று பேசிக்கொண்டார்கள். பாடியது அம்மாக்கண்ணுவின் மகன் என்று தெரிந்தபோது விசில் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜோர்ஜ் மாஸ்டர் அந்த இடத்திலேயே அவனைத் தன் குழுவுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அது சும்மா வந்த குரல் இல்லை. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒரு கேசட் ரெக்கார்டர் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் அவன் அங்கேதான் கிடப்பான். கடைக்காரர் போடுவது எப்போதும் ஒரே ஒரு பெரிய சினிமாப் பாடகரின் பாட்டுகளைத்தான். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லைச் சிரிப்போடு முடிக்கிறார், சோகப் பாட்டில் எந்த எழுத்தில் தொண்டையை இறுக்குகிறார், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. கேசட் தேய்ந்து ஓர் இடத்தில் குரல் அலைந்தது. அவனும் அந்த இடத்தில் குரலை அலையவிட்டுத்தான் பாடினான். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தான்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் கிட்ட ஓடிவிட்டது. கல்யாண வீடு, சடங்கு வீடு, திருவிழா, மே தினக் கூட்டம் என்று மலைநாட்டில் அவன் பாடாத மேடை இல்லை. கிழமை நாட்களில் ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடையில் துணி அளந்து கொடுத்தான். சர்மிளாவைப் பார்த்ததும் ஒரு கல்யாண மேடையிலிருந்துதான். கந்தப்பளைப் பக்கத்துப் பெண். அன்றைக்கு அவள் ஒரே பாட்டை மூன்று தடவை சீட்டில் எழுதி அனுப்பினாள். இப்போது அவள் வட்டவளைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். மகள் லோஜினி பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

சொந்தப் பாட்டு எழுத வேண்டும் என்று அவன் ஒருநாளும் நினைத்தது கிடையாது. நாட்டில் பெட்ரோல் இல்லாமல் போன அந்த வருஷம் கல்யாணங்களில் பாட்டு நின்றது. புடவைக் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. ஜோர்ஜ் மாஸ்டர் வீட்டில் சும்மா தூங்கிய ஒரு பழைய கிட்டாரை வாங்கி வந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் உட்கார்ந்து விரல் பழகினான். சர்மிளா கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருப்பாள், லோஜினி பள்ளிக்கூடத்தில். பகல் முழுக்க வீட்டில் அவன் ஒருத்தன்தான்.

ஆனால் சத்தமாகப் பாட முடியாது. பக்கத்துக் காம்பராவில் இருந்த சுமன் தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறவன். பகலில்தான் தூங்குவான். நடுவில் இருந்த சுவரோ கூரைவரைக்கும் எழும்பாத சுவர். இந்தப் பக்கம் தீக்குச்சி உரசினால் அந்தப் பக்கம் கேட்கும். அதனால் அழகுமுத்து கம்பிகளை விரல் நுனியால் மட்டும் தொட்டு, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான். முணுமுணுத்ததில் சினிமாப் பாட்டு எதுவும் நிற்கவில்லை. அதற்கெல்லாம் குரலை எறிய வேண்டும். எறியாத குரலில் வேறு என்னென்னவோ வந்தது.

முதலில் வந்தது அந்தச் சுவரைப் பற்றியே ஒரு பாட்டு.

ஒரு செவரு, ரெண்டு வீடு,
நீ தூங்குனாத்தான் எனக்கும் தூக்கம்.

அடுத்தது குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன தங்கச்சியைப் பற்றி. அவள் போனில் படம் காட்டிப் பேசும்போது முகத்தைக் காட்ட மாட்டாள். போனை மேசையில் மல்லாக்க வைத்துவிட்டுப் பேசுவாள். இவர்களுக்கு அந்த வீட்டுக் கூரையும் சுழல்கிற விசிறியும்தான் தெரியும்.

கூரையக் காட்டுற, விசிறியக் காட்டுற,
மொகம் எங்கடி, தங்கச்சி?

இப்படி எட்டு ஒன்பது பாட்டுகள் சேர்ந்தன. பெட்ரோல் வந்து, கல்யாணங்கள் மறுபடி தொடங்கி, அவன் பழையபடி மேடையேறிய பிறகும் அந்தப் பாட்டுகள் மனதைவிட்டுப் போகவில்லை. யாரிடமும் பாடிக் காட்டவும் இல்லை. இரண்டு வருஷம் உள்ளேயே வைத்திருந்துவிட்டு, ஒருநாள் ஜூட்டிடம் சொன்னான்.

ஜூட்டின் ஸ்டூடியோ ஹட்டனில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையின் மாடியில் இருந்தது. டியூஷன் வகுப்பு விளம்பரம், மரண அறிவித்தல், கோயில் பாட்டு, சேர்ச் பாட்டு என்று எது வந்தாலும் பதிந்து கொடுப்பான். நடுவில் கண்ணாடி போட்டு இரண்டாகப் பிரித்த ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை. கதவுக்குப் பின்னால் ஒரு பழைய மெத்தையைத் தொங்கவிட்டிருந்தான். அவனுடைய விளம்பரங்களுக்கு அழகுமுத்து எத்தனையோ தடவை போகிற வழியில் ஏறி நாலு வரி பாடிக் கொடுத்திருக்கிறான்.

"சொந்தப் பாட்டா? சொல்லவே இல்லயேண்ணே!" என்றான் ஜூட். "ஆளுங்க யாரு வாசிக்கிறது?"

"யாரும் வேணாம் தம்பி. நானும் கிட்டாரும் மட்டும்தான்."

"தபேலா, ஓகன் ஒண்ணும் இல்லாமயா?"

"ஒண்ணும் வேணாம். வீட்டுல ஒக்காந்து பாடுறாப்ல இருக்கணும்."

ஜூட் தலையை ஆட்டினான். "நல்லா இருக்கும்ணே. போயா நாளுல வாங்க. கீழ கடையும் பூட்டியிருக்கும், தெருவும் அமைதியா இருக்கும்."

பௌர்ணமிப் போயா விடுமுறை வந்தது. மழை மட்டும் லீவு எடுக்கவில்லை. தகரக் கூரையில் மழை அடிக்கத் தொடங்கினால் பதிவு கிடையாது. இரண்டு பேரும் பால் கலக்காத பிளேன்டீ குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். மழை விட்டால் பாண் ரொட்டி விற்கிற பாண்காரனின் ஆட்டோ, மெட்டு வாசித்துக்கொண்டு தெருவில் வந்து நிற்கும். ஜூட் ஜன்னலைத் திறந்து, "மல்லி, பொட்டக் நவத்தன்னகோ!" என்று, தம்பி கொஞ்சம் நிறுத்து என்பதைச் சிங்களத்தில் கத்துவான். பாண்காரன் சிரித்துக்கொண்டே மெட்டை நிறுத்துவான். அந்த இடைவெளிக்குள் பாட வேண்டும்.

அழகுமுத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன்னால் உட்கார்ந்தான். தங்கச்சி பாட்டைத்தான் முதலில் எடுத்தான். அந்தப் பாட்டை வாய் திறந்து, சத்தமாக, அவன் பாடுவது அதுதான் முதல் தடவை. பாடி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜூட் இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டினான்.

"சூப்பர்ணே! அப்புடியே சினிமாவுல வந்த மாதிரி இருக்கு."

அழகுமுத்துவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "எங்க, ஒருக்கா போடுங்க கேப்போம்" என்றான்.

ஜூட் போட்டான். முதல் வரியிலேயே அழகுமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. பாடுவது அந்தப் பெரிய பாடகர். "கூரையக் காட்டுற" என்ற இடத்தில், காதலியை நாணவைக்க அவர் போடுகிற அந்தச் சின்ன வளைவு வந்தது. "தங்கச்சி" என்பதை அவர் எப்போதும் சொல்கிற மாதிரி ஒரு மெல்லிய சிரிப்போடு முடித்திருந்தான். குவைத்தில் யாருடைய வீட்டிலோ தரை துடைக்கிறவள், அந்தக் குரலில் பூந்தோட்டத்தில் மரத்தைச் சுற்றி ஓடுகிற கதாநாயகியாகிவிட்டாள்.

"இன்னொருக்கா எடுப்போம் தம்பி."

இன்னொருதடவை எடுத்தார்கள். அதே ஆள். மூன்றாவது தடவை அந்த வளைவை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பாடினான். வளைவு போய், அதே பாடகரின் சோகப் பாட்டு இழுவை வந்தது. சுதியை இறக்கிப் பார்த்தான். நின்றுகொண்டு பாடினான். ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பாட்டை முதலில் வசனமாகச் சொல்லிப் பார்த்தான். சொல்லும்போது அது அவன்தான். ராகம் தொட்ட உடனே அந்த மற்றவர் வந்து உட்கார்ந்துகொண்டார்.

சாயங்காலம் வரைக்கும் இப்படியே போனது. கடைசியில் அவன் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டான்: "ஜூட், நெசமா சொல்லுங்க. இது யாரு கொரலு?"

ஜூட் பதிவை நிறுத்தினான். "நீங்க கேட்டதால சொல்றேண்ணே. கோவிச்சுக்காதீங்க. நா இத எங்கயோ கேட்ட பாட்டுன்னுதான் நெனச்சேன். நீங்க சொந்தமா எழுதுனதுன்னு மறந்தே போச்சு."

அன்றைக்குக் கிட்டாரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்து வந்த விடுமுறைகளிலும் போனான். பாட்டுக்குப் பாட்டு அதே கதை. பழக்கம் என்பது கழற்றி ஆணியில் மாட்டுகிற கோட்டு இல்லை என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. முப்பது வருஷமாக ஊர் கை தட்டியது எதற்கு? எது தன்னுடையது இல்லையோ அதற்கு. மேடையில் அது பெருமையாக இருந்தது. இந்த முட்டை அட்டை அறையில் மூச்சு முட்டியது.

ஜூட்தான் வழி சொன்னான். "அண்ணே, இந்தப் பாட்ட எல்லாம் வீட்டுல எப்புடிப் பாடுவீங்க?"

"வீட்டுல எங்க பாடுறது? பக்கத்து வீட்டு ஆளு தூங்குவாரு. மொணமொணன்னு வாய்க்குள்ளதான்."

"அப்போ இங்கயும் அப்புடியே பாடுங்க. பக்கத்துல ஆளு தூங்குதுன்னு நெனச்சுக்கங்க. சத்தத்த நா ஏத்திக்கிறேன்."

மைக்கை அவன் உதட்டுக்குப் பக்கத்தில் நகர்த்தினான். அழகுமுத்து சுவர்ப் பாட்டை முணுமுணுத்தான். விரல் கம்பியில் உரசுகிற சத்தமும், மூச்சும், ஓர் இடத்தில் எச்சில் விழுங்குகிற சத்தமும்கூட ஏறின. நடுவில் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஒரு சுரம் சரியாக நிற்கவில்லை. பாடி முடித்துத் தலையைத் தூக்கியபோது ஜூட் கட்டைவிரலைக் காட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இதாண்ணே" என்றான், மெதுவாக.

திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். கரகரப்பான, அகலமில்லாத, நாற்பது தாண்டிய ஒரு மனிதனின் குரல். கேசட்டில் ஒருநாளும் வராத குரல். அழகுமுத்துவுக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை. மறுபடி போடச் சொன்னான். அன்று ரயிலில் வட்டவளைக்கு வரும்வரைக்கும் அவன் ஜன்னலோரத்தில் நின்று, போனைக் காதில் வைத்து, அதையே கேட்டுக்கொண்டு வந்தான். இந்த மாதிரி இன்னும் ஏழு பாட்டு எடுத்தால் போதும் என்று கணக்குப் போட்டான். அந்த ரயில் பயணம் அவனுக்கு நன்றாக இருந்தது.

வீட்டில் போனை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டான். சர்மிளா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

லோஜினி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "யாருப்பா பாடுறது?" என்றாள்.

"நீயே சொல்லு."

"தெரியலயே. ஜூட் மாமாவா?"

"அப்பாதான்டி."

லோஜினி தாயைப் பார்த்தாள். சர்மிளா மாவுக் கையோடு வந்து நின்று, பாட்டு முடியும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"அன்னிக்கு ஒங்களுக்குச் சளி புடிச்சிருந்திச்சா?" என்றாள்.

"இல்லயே."

"பொறகு ஏன் இப்புடி இருக்கு? பாட்டு நல்லாத்தான் இருக்குங்க. ஆனா ஒங்க கொரல்ல இல்ல. நீங்க வேற யாரோ மாதிரி பாடியிருக்கீங்க."

"இதுதான் என் கொரலு, சர்மிளா."

அவள் சிரித்தாள். மனதைப் புண்படுத்துகிற சிரிப்பு இல்லை. குழந்தையிடம் சிரிக்கிற மாதிரி. "ஒங்க கொரலு எனக்குத் தெரியாதா? அதக் கேட்டுத்தானே ஒங்க பின்னால வந்தேன்? ஒங்க கொரல்ல பாடுங்க. இந்தப் பாட்டே எங்கயோ போயிரும்."

அழகுமுத்து போனை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். அவள் விரும்பி வந்தது யாரை என்று கேட்கலாம். கேட்டு என்ன செய்வது? பத்தொன்பது வருஷம் கூட இருந்து, சமைத்துப் போட்டு, காய்ச்சலுக்குக் கசாயம் வைத்துக் கொடுத்தவளிடம், நீ நம்பியது இன்னொருத்தருடைய தொண்டையை என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்து ரொட்டியைச் சாப்பிட்டான்.

பாட்டை லோஜினி இணையத்தில் ஏற்றிவிட்டாள். படத்துக்குப் பதிலாகக் கிட்டாரின் போட்டோ ஒன்றைப் போட்டிருந்தாள். கேட்டவர்கள் மிகக் குறைவு. கீழே எழுதியவர்கள் அதிலும் குறைவு. 'கேசட் அண்ணனுக்கு என்ன ஆச்சு? சீக்கிரம் குணமாகணும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜோர்ஜ் மாஸ்டர் பயந்துபோய்ப் போன் எடுத்துக் கேட்டார். "முத்து, தொண்டைக்கு ஏதுமா? அடுத்த மாசம் பொகவந்தலாவையில கல்யாணம் இருக்குடா. டொக்டர்ட்ட காட்டுனியா?" அவனுக்கு ஒன்றும் இல்லை என்று நம்பவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில் அவர் கேட்ட பாட்டில் நாலு வரியைப் போனிலேயே பழைய குரலில் பாடிக் காட்ட வேண்டியிருந்தது. "அப்பாடா" என்றார் மாஸ்டர்.

ஒரே ஒருத்தன்தான் வேறு மாதிரிச் சொன்னான். பக்கத்து வீட்டுச் சுமன். ஒருநாள் வேலைக்குப் புறப்பட்டுப் போகிறபோது, அழகுமுத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

"அண்ணே, லோஜினி போன்ல ஒரு பாட்டு கேட்டேன். நீங்க பகல்ல மொணமொணன்னு பாடுவீங்களே, அதுதானே?"

அழகுமுத்து எழுந்து நின்றுவிட்டான். "ஒங்களுக்குக் கேக்குமா? நீங்க தூங்குறீங்கன்னுல்ல நான்..."

"மொதல்ல முழிப்பு வரும். பொறகு அதக் கேட்டுக்கிட்டேதான் தூங்குவேன். நடுவுல கொஞ்ச நாளு நீங்க பாடல. அப்ப எனக்குத் தூக்கமே சரியா வரல்ல." சுமன் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "எல்லாத்தையும் பதிஞ்சிருங்கண்ணே. கூரையக் காட்டுறன்னு ஒண்ணு வருமே, அது எனக்குப் புடிக்கும். எங்கக்காவும் வெளிநாட்டுலதான்."

இந்த ஒரு பேச்சுப் போதுமாக இருந்தது. அடுத்த நாளே அழகுமுத்து ஜூட்டிடம் போய், ஸ்டூடியோ வேண்டாம், எங்கள் காம்பராவிலேயே பதியலாம், பாட்டு பிறந்த இடம் அதுதான் என்றான். ஜூட்டுக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ஒரு போயா நாளில் கையடக்க ரெக்கார்டரும் மைக்கும் தூக்கிக்கொண்டு வட்டவளைக்கு வந்தான். அதிசயமாக அன்றைக்கு மழை இல்லை.

சுமனுக்கு அன்று லீவு. உதவி செய்ய வேண்டும் என்ற ஆசையில் அவன் காலையிலேயே லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். "முத்தண்ணே வீட்டுல ரெக்கோடிங் நடக்குது. யாரும் டீவி போடாதீங்க. புள்ளைங்கள சத்தம் போட வுடாதீங்க." லயத்தில் அந்த மாதிரி அமைதி அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. குழாயடியில் வாளி வைக்கிற சத்தம்கூட இல்லை. நாயைக்கூடக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

ஜூட் மைக்கைச் சரிசெய்து கைகாட்டினான். அழகுமுத்து கம்பியைத் தொட்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அத்தனை அமைதிக்கும் காரணம், எல்லாரும் கேட்கிறார்கள். அரைக் கதவின் இடுக்கில் பார்த்தான். இஸ்தோப்பு நிறைய ஆட்கள். பேச்சியம்மா அக்கா பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் விரல் வைத்திருந்தாள். கிழவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சர்மிளா வாசற்படியில் உட்கார்ந்து, மேடையில் பாடுகிறவனைப் பார்த்த அந்தப் பழைய பார்வையோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சுமன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது இவனுக்கு இங்கே தெரிந்தது.

முணுமுணுக்கத்தான் நினைத்தான். இரண்டு வரி போனது. மூன்றாவது வரியில் தொண்டை தானாகத் திறந்தது. இத்தனை பேர் முன்னால் அது வேறு எதையும் பழகியிருக்கவில்லை. வளைவு வந்தது, சிரிப்பு வந்தது, மூச்சு வாங்குகிற இடம் வந்தது. தங்கச்சி பாட்டைக் கடைசிவரைக்கும் அந்தப் பெரிய பாடகர் மிக அழகாகப் பாடி முடித்தார்.

லயமே கை தட்டியது. "கேசட் போட்ட மாதிரியே இருக்கு!" என்றாள் பேச்சியம்மா அக்கா. சர்மிளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொன்னேன்ல?" என்று மகளிடம் சொன்னாள்.

ஜூட் ரெக்கார்டரை அணைத்தான். அழகுமுத்துவை நிமிர்ந்து பார்க்காமலே வயரைச் சுருட்டினான். கொஞ்ச நேரம் கழித்துச் சுமன் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தான். "நல்லா இருந்திச்சுண்ணே." அவ்வளவுதான் சொன்னான். குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

அதற்குப் பிறகும் அழகுமுத்து விட்டுவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். நாலைந்து தடவை ஸ்டூடியோவுக்குப் போய், மைக்கை உதட்டில் வைத்து முணுமுணுத்துப் பார்த்தான். ஆனால் முதல் தடவை முணுமுணுத்தபோது அது என்ன குரல் என்று அவனுக்கே தெரியாது. இப்போது தெரியும். எங்கே உடைய வேண்டும், எங்கே எச்சில் விழுங்க வேண்டும் என்று தெரியும். கேட்டதைத் திருப்பிப் பாடுவதுதான் சின்ன வயதிலிருந்து அவன் கற்ற வித்தை. இப்போது அந்த ஒரே ஒரு பதிவைக் கேட்டு, தன்னையே பார்த்துப் பாடினான்.

"அச்சு அசலா சுவர்ப் பாட்டு மாதிரியே இருக்குண்ணே" என்றான் ஜூட் ஒருநாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு விளங்கியது. அழகுமுத்து ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான்.

"போதும் தம்பி."

"அவசரப்படாதீங்க. கொஞ்ச நாளு விட்டுட்டு எடுப்போம்."

"வராது ஜூட். வர்றதா இருந்தா இத்தன நாள்ல வந்திருக்கும். நா பாடத் தொடங்க முன்னயே எங்கிட்ட ஒரு கொரலு இருந்திருக்கும்ல? அது என்னான்னு பாக்குறதுக்குள்ள நா கேசட் கேக்க அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போயிட்டேன்."

ஜூட் மைக்கின் வயரைக் கழற்றினான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு கோயில் நிர்வாகத்தார் அம்மன் பாட்டு பதிய வேண்டும் என்று ஜூட்டிடம் வந்தார்கள். பாடுவது கேசட் முத்துவாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜூட் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். அழகுமுத்து சரி என்றான். மறுக்க ஒரு காரணமும் அவனிடம் இல்லை.

அதே அறை, அதே மைக். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவன், இருட்டுவதற்குள் அத்தனை பாட்டையும் பாடி முடித்துவிட்டான். ஒன்றைக்கூட இரண்டாவது தடவை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஓகன், தபேலா, உடுக்கை எல்லாம் பிறகு சேர்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நிர்வாகத்தார் ஒவ்வொரு பாட்டுக்கும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அழகுமுத்துவுக்குப் பாடும்போது தொண்டையில் ஒரு வலியும் இல்லை, மனதிலும் ஒன்றும் இல்லை. துணி அளக்கிற மாதிரித்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு ஜூட் கேட்டான்: "ஒங்க பாட்டு எல்லாம் மெஷின்லயே கெடக்குண்ணே. சுவர்ப் பாட்ட மட்டும் தனியா வச்சிருக்கேன். மத்தத என்ன செய்ய?"

"எடம் பத்தலன்னா அழிச்சிருங்க."

"எடம் இருக்கு."

"அப்போ ஒங்க இஷ்டம்."

அம்மன் பாட்டுகள் நன்றாக ஓடின. ஹட்டன் பஸ்களில் விடிந்தால் அதுதான். நுவரெலியாப் பக்கத்துக் கோயில்களிலும் போட்டார்கள். சர்மிளா கொழுந்து எடுக்கிற மலைக்குக் கீழே ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து அவன் குரல் கேட்டால், கூட எடுக்கிற பெண்கள், "ஒன் வீட்டுக்காரரு வாறாரு" என்று அவளைக் கிண்டல் பண்ணினார்கள். அவள் அதை அவனிடம் வந்து சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருக்கும். அவனும் சிரிப்பான். அவளுடைய சந்தோஷம் பொய்யில்லை. அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவளிடமிருந்து தூரப் போய்க்கொண்டிருந்தான் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

கிட்டாரை ஜோர்ஜ் மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். பகலில் வீட்டில் இருக்க நேர்ந்தால் படுத்துத் தூங்கினான். சுமன் ஒருநாள், "இப்பல்லாம் பாடுறதில்லயாண்ணே?" என்று கேட்டான். "நேரம் எங்க?" என்றான் அழகுமுத்து. கொஞ்ச மாதத்தில் சுமன் அக்காவின் வழியாக ஒரு வேலை கிடைத்து வெளிநாட்டுக்குப் போய்விட்டான். பக்கத்துக் காம்பரா பூட்டிக் கிடக்கிறது.

போன பங்குனியில் ஒரு காலை, அழகுமுத்து கடைக்குப் போக வட்டவளை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தான். எதிரே மண்மேடு சரிந்த இடத்தில் ஒரு மரம் சாய்ந்து, வேர் பாதி வெளியே தெரிய, அப்படியே பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் மனதில் ஒரு வரி வந்தது. ராகத்தோடேயே வந்தது. அடுத்த வரியும் பின்னால் நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. நல்ல வரி. வாயை அசைத்தால் போதும். அசைத்தால் யாருடைய குரலில் அது வெளியே வரும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெரியவர் முட்டைக்கோஸ் நிறைந்த மரக்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அழகுமுத்து அவர் பக்கம் திரும்பி, "ஐயா, இன்னிக்கு கோவா என்ன வெல போகுதுங்க?" என்று கேட்டான். பெரியவர் விலையைச் சொன்னார். போன கிழமை எப்படி இருந்தது, மழை எப்படிக் கெடுத்தது என்று விரிவாகச் சொல்லிக்கொண்டே போனார். ரயில் வரும்வரை அவன் அதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஏறி உட்கார்ந்தபோது அந்த வரி மனதில் இல்லை.